பாட்டு யார் பேர்ல பதியணும்?

பாட்டு எழுதுகிறவர்களுக்கு எதுகை வரும், மோனை வரும், ஓடிபி மட்டும் வராது. சும்மா சொல்லவில்லை. ஆவடி ஸ்டேஷனுக்கு வெளியே, பழக்கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் இருக்கிற என் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, ஆறேழு வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.

என் பெயர் கோமதி. கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பது, பான் கார்டு, பட்டா, பாஸ்போர்ட் என்று ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவது, இதுதான் என் தொழில். பாட்டுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து பாடினால்கூடப் பக்கத்தில் நிற்பவர் ஓரடி தள்ளிப் போய்விடுவார். ஆனாலும் ஒருவர் வந்து, அவர் இன்னொருவரிடம் சொல்லி, அவர் மூன்றாவது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து, இன்றைக்கு அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை பாட்டு எழுதுகிறவர்களும் மெட்டுப் போடுகிறவர்களும் என் கடை பெஞ்சில்தான் உட்காருகிறார்கள்.

விஷயம் இதுதான். ஒருவருடைய பாட்டு டிவியில், ரேடியோவில், ஓட்டலில், கச்சேரி மேடையில், செல்போன் ஆப்பில் எங்கே ஒலித்தாலும், ஒலிக்க விட்டவர் அதற்கு ஒரு தொகை கட்ட வேண்டும். அதை வாங்கி, எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் பிரித்துக் கொடுக்க ஒரு சங்கம் இருக்கிறது. ஆனால் பாட்டு யாருடையது என்று சங்கத்துக்குத் தெரிய வேண்டுமே? அதற்கு முதலில் ஆள் உறுப்பினராக வேண்டும். பிறகு ஒவ்வொரு பாட்டாகப் பதிய வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. பிஎஃப் பணத்துக்கோ காஸ் மானியத்துக்கோ ஆன்லைனில் மல்லுக்கட்டி, கடைசிப் பக்கத்தில் 'மீண்டும் முயற்சிக்கவும்' என்று பார்த்து நொந்தவர்களுக்கு மேற்கொண்டு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் நம்ம கட்சி.

ஒரு பாட்டுக்கு ஏழு பேர்

முதலில் வந்தவர் மணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். வீடு இங்கே ஆவடியில். கானா எழுதித் தானே மெட்டும் போட்டுப் பாடுவார். அவருடைய டிபன் பாக்ஸ் பாட்டு அப்போது ஷேர் ஆட்டோ, கல்யாண மண்டபம், செல்போன் என்று திரும்பின பக்கமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. 'மூடி மாறிப் போச்சு மாமே, சோறு மாறலையே' என்று ஆரம்பிக்கும். பட்டறையில் இரண்டு பேருடைய டிபன் பாக்ஸ் மூடி மாறிப்போய், அந்தச் சண்டையிலேயே இரண்டு பேரும் சம்பந்தி ஆகிவிடுகிற கதை. ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், "பாட்டைப் பதியணும்னு சொல்றாங்கக்கா. எங்க பதியறது, போலீஸ் ஸ்டேஷன்லயா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மூன்று நாள் சங்கத்தின் இணையப் பக்கத்தை வரி வரியாகப் படித்துவிட்டு, அவரை வரச் சொன்னேன்.

உறுப்பினர் விண்ணப்பத்தோடு, எழுதிய பாட்டு ஒன்றின் விவரமும் கொடுக்க வேண்டும். முதல் கட்டமே தலைப்பு. "என்ன பேரு வச்சீங்க?" என்றேன். "பேரா? நான் எங்கக்கா பேரு வச்சேன், பாடினேன், அவ்ளோதான்" என்றார். பட்டறையில் அதற்கு 'மூடி கானா' என்று பெயர். ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் 'டிபன் பாட்டு' என்கிறார்கள். யூடியூபில் ஏற்றிய புண்ணியவான் 'மாமே மாமே' என்று போட்டிருக்கிறார். ரேடியோவில் 'சோறு மாறலையே'. எந்தப் பெயரில் ஒலித்தாலும் அது இவர் கணக்குக்கு வர வேண்டுமென்றால் அத்தனையையும் 'வேறு பெயர்கள்' என்ற கட்டத்தில் எழுத வேண்டும். மணி விரல் விட்டு யோசித்துச் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டே போனேன். ஏழாவது பெயரை அடித்து முடித்ததும் அவர் திரையை உற்றுப் பார்த்துச் சொன்னார்: "என் பொண்ணுக்கே ஒரு பேருதான்க்கா வச்சேன். அதையே இன்னும் ஒய்ங்கா கூப்பிடல."

அலமேலுதாசன்

மணி சொல்லி வந்தவர் ராமலிங்கம் சார். பூந்தமல்லிக்காரர், ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அலமேலு அம்மாவும் கூடவே வந்திருந்தார். சார் முப்பது வருஷமாக பக்திப் பாட்டு எழுதுகிறார். ஆடி மாதம் குழாய் ஸ்பீக்கர் கட்டின கோயில் எதுவாக இருந்தாலும் அவருடைய பாட்டு ஒன்றாவது நம் காதில் விழுந்திருக்கும். எல்லாப் பாட்டும் 'அலமேலுதாசன்' என்ற பெயரில். ஆதாரிலும் பேங்கிலும் ராமலிங்கம். அதனால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு உறுதிமொழி தயாரிக்க வேண்டியிருந்தது. வக்கீல் கொடுத்த மாதிரியில், 'இந்தப் புனைபெயரை வைத்துக்கொண்டதன் காரணம்' என்று ஒரு வரி. நான் கேட்காமலே 'திருச்சானூர் தாயார் மேல் கொண்ட பக்தியால்' என்று அடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

சார் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "அது... அப்படி இல்லம்மா" என்றார். பிறகு பக்கத்தில் கையைக் காட்டி, "இவங்க பேருதான்" என்றார். அலமேலு அம்மா சடாரென்று திரும்பினார். "தாயார் பேருன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க?" "அப்ப சொல்றதுக்குக் கூச்சமா இருந்தது." அந்த அம்மா கொஞ்ச நேரம் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிவந்துவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "அந்தப் பேப்பர்ல ஒரு காப்பி எடுத்து லேமினேட் பண்ணிக் குடும்மா" என்றார். சார் வெற்றிப் புன்னகையோடு என்னைப் பார்த்தார். அதற்குள் அந்த அம்மா தொடர்ந்தார்: "முப்பது வருஷமா தாசன் தாசன்னு எழுதியிருக்காரு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், பால் பாக்கெட் வாங்கிட்டு வந்ததில்ல."

மைக்கில் வந்த நம்பர்

தனபால் அண்ணன் பேண்டு வாத்தியக் குழு வைத்திருக்கிறார். கிளாரினெட் வாசிப்பார். சாமி புறப்பாட்டுக்கென்றே சொந்தமாகப் பத்துப் பன்னிரண்டு மெட்டு போட்டு வைத்திருக்கிறார். அவருடைய விண்ணப்பத்தை முழுதும் நிரப்பி, கடைசி பட்டனை அழுத்தினால், அவருடைய போனுக்கு ஓடிபி போகிறது. அவரோ திருமுல்லைவாயிலில் சாமி ஊர்வலத்தில் நிற்கிறார். போன் அடித்தேன். ஒருபக்கம் டிரம், இன்னொரு பக்கம் வெடி. "அண்ணே, நம்பர் சொல்லுங்க!" என்று நான் கத்த, "கேக்கல!" என்று அவர் கத்த, திரையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடிந்துவிட்டால் பதினான்கு கட்டத்தையும் மறுபடி முதலிலிருந்து நிரப்ப வேண்டும்.

அவருக்கு என் குரல் கேட்கவில்லை என்றதும், தன் குரலும் எனக்குக் கேட்காது என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. மெசேஜில் வந்த நம்பரைப் பார்த்துக்கொண்டு, அறிவிப்புக்கு வைத்திருந்த மைக்கை வாங்கி, போனை ஸ்பீக்கருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகக் கணீரென்று சொன்னார். இரண்டு தடவை. எனக்கு மட்டுமில்லை, அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். டக்கென்று அடித்துவிட்டேன், விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. போனை வைக்கப் போகும்போது கூட்டத்தில் யாரோ ஒரு ஆண் குரல் ஆசையாகக் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது: "அண்ணே, அந்த நம்பருக்கு இன்னா பரிசு?"

நூறு வரவே இல்லை

ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் தங்கியிருக்கிற இரண்டு பேர், கார்த்திக், பிரவீன். ஒருவர் திண்டுக்கல், ஒருவர் நாகர்கோவில். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இவர்களுடைய சனிக்கிழமைப் பாட்டு ஒன்று செல்போனில் பிரபலமாகியிருந்தது. வரிகள் கார்த்திக். மெட்டு இரண்டு பேரும் சேர்ந்து. அப்படிச் சேர்ந்து போட்டால், மெட்டுக்கான நூறு சதவீதத்தில் யாருக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். இந்தக் கட்டத்தில் கூடப்பிறந்த அண்ணன் தம்பியே என் கடையில் முறைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மெஷின் பக்கத்தில் இருந்த ஸ்டேப்ளர், கத்தரி எல்லாவற்றையும் எடுத்து டிராயருக்குள் வைத்துவிட்டுத்தான் கேட்டேன்.

"எனக்கு முப்பது போதும்க்கா. அந்த ட்யூன் இவன் குளிக்கும்போது பாடினது" என்றார் கார்த்திக். "லூசு மாதிரிப் பேசாத. நான் சும்மா முணுமுணுத்தேன். அதைப் பாட்டாக்கினது நீ. அக்கா, எனக்கு இருபது போடுங்க" என்றார் பிரவீன். முப்பதும் இருபதும் ஐம்பது. நூறு வராவிட்டால் அந்தப் பக்கம் நகராது, சிவப்பு எழுத்தில் முறைக்கும். சொன்னேன். உடனே ஒருவர் மற்றவருக்கு ஏற்றிவிட, அவர் இவருக்கு ஏற்றிவிட, குரல் உயர்ந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழ் பிரிண்ட் எடுக்க வந்த அம்மா பயந்துபோய், "யாருப்பா யாரை ஏமாத்தினது?" என்று சமாதானம் செய்ய வந்துவிட்டார். எனக்குப் பொறுமை போயிற்று. "ஆளுக்குப் பாதி" என்று அடித்தேன். கார்த்திக் அரை மனதாகத் தலையாட்டினார். பிரவீன் மட்டும் விடவில்லை: "எனக்கு இருபதுதான். மீதியை எங்க பாத்ரூம் பேர்ல போடுங்கக்கா, எக்கோ அதுதான் குடுத்துச்சு."

கொள்கை

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கும் வேலு அண்ணன் தேர்தல் பாட்டும் எழுதுவார். ஒரு பென்டிரைவில் பதினொரு பாட்டோடு வந்தார். ஒவ்வொன்றும் எத்தனை நிமிஷம் என்று குறிப்பதற்காகப் போட்டுக் கேட்டுக்கொண்டே வந்தேன். இரண்டாவது பாட்டு கேட்டபோது முதல் பாட்டு மறுபடி ஓடுகிறதோ என்று சந்தேகம் வந்தது. அதே தவில், அதே மெட்டு, அதே 'தங்கமே வருக'. அதில் 'அண்ணன்' என்று வந்த இடத்தில் இதில் 'அக்கா'. அதில் ஒரு சின்னம், இதில் எதிர்ச் சின்னம். "அண்ணே, ரெண்டும் ஒரே பாட்டுதானே? ரெண்டாப் பதிஞ்சா கேள்வி வருமே" என்றேன். அவர் கடை வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிகவும் பொறுப்போடு விளக்கினார்: "மெட்டு ஒண்ணுதாம்மா, கொள்கைதான் வேற வேற."

ஆசிரியர் தெரியவில்லை

இதற்கிடையில் மணிக்கு உறுப்பினர் எண் வந்துவிட்டது. ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். இனி டிபன் பாக்ஸ் பாட்டை முறைப்படி பதிய வேண்டியதுதான் பாக்கி. பதிவதற்கு முன்னால் சங்கத்தின் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது என் பழக்கம். தேடினேன். இருந்தது. 'மூடி மாறிப் போச்சு', அதே பாட்டு. பட்டாபிராமில் ஒரு ஆர்கெஸ்ட்ரா குழு அதைப் பாடி ரெக்கார்டிங் செய்து வெளியிட்டு, பட்டியலிலும் ஏற்றியிருக்கிறது. எழுதியவர் என்ற இடத்தில் 'தெரியவில்லை'. மெட்டு என்ற இடத்தில் 'பாரம்பரியம்'.

மணிக்கு ஒன்றும் புரியவில்லை. "பாரம்பரியம்னா இன்னாக்கா? அவரும் நம்ம ஏரியாவா?" என்றார். தாலாட்டு, ஒப்பாரி மாதிரி ரொம்பக் காலமாக ஜனங்கள் வாயிலேயே இருக்கிற பாட்டுக்கு அப்படிப் போடுவார்கள், எழுதியவர் யார் என்று தெரியாது, அவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷம்கூட ஆகியிருக்கலாம் என்று விளக்கினேன். அவர் கையில் இருந்த ஸ்வீட் பாக்ஸைக் கீழே வைத்தார். பாஸ்போர்ட் போட்டோவுக்குத் தலைவாரிக்கொள்ள நான் சுவரில் மாட்டியிருக்கிற கண்ணாடியின் முன் போய் நின்று தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். திரும்பி என்னிடம் சொன்னார்: "அக்கா, நான் உசுரோட கீறேன். காத்தால கூட நாலு இட்லி துன்னேன்."

முதலாளியின் லெட்டர்பேடு

பாட்டு தன்னுடையது என்று மணி நிரூபிக்க வேண்டும். எப்போது எழுதினார், முதலில் எங்கே பாடினார், அதற்கு என்ன ஆதாரம் என்று சங்கம் கேட்டது. எழுதியது பட்டறையில் வேலைக் குறிப்பு எழுதும் அட்டையின் பின்பக்கத்தில், பென்சிலில். அந்த அட்டை எண்ணெய் துடைத்துக் குப்பைக்குப் போய்விட்டது. முதலில் பாடியது, கூட வேலை செய்த ஏழுமலை ஓய்வு பெற்ற அன்று, பட்டறையிலேயே. அதை யாரோ வீடியோ எடுத்த மாதிரி ஞாபகம். "யாரு எடுத்தா?" என்று கேட்டதற்கு மணி நெளிந்தார். முதலாளி வெளியே போயிருக்கிறார் என்று நம்பி, மத்தியானமே எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டுப் பாட்டுக் கச்சேரி நடத்தியிருக்கிறார்கள். நடுவில் முதலாளி வந்துவிட்டார். போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவர், ஒரு வார்த்தை பேசாமல் தன் ரூமுக்குப் போய்விட்டார். "ஆதாரத்துக்குத்தான் எட்த்திருப்பாரு, வேலைய வுட்டுத் தூக்க" என்று மணி அன்றிலிருந்து அந்தப் பாட்டைப் பற்றி அவரிடம் வாயே திறக்கவில்லை. எனக்கு வந்தது கோபம். "போய்க் கேளுங்க. கேக்கலைன்னா நீங்க பாரம்பரியம்தான்" என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாள் ஆளைக் காணோம். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் முதலாளி பாண்டியன், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு மணி. முதலாளி என் மேஜையில் போனை வைத்து வீடியோவைப் போட்டார். நிறுத்தி வைத்த லேத் மெஷின்கள், நீலச் சட்டை ஆட்கள், நடுவில் நாற்காலியில் மாலையோடு ஏழுமலை. ஸ்பானர் பெட்டியைத் தட்டி மணி பாடுகிறார். சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர் பளிச்சென்று தெரிகிறது. இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை. ஆனால் என்னை ஆச்சரியப்படுத்தியது வேறு. 'சோறு மாறலையே' என்று எல்லோரும் சேர்ந்து பாடுகிற இடத்தில், போனுக்கு மிக அருகில் ஒரு கரகர குரல் எல்லோரையும் முந்திக்கொண்டு பாடுகிறது. நிமிர்ந்து பார்த்தேன். முதலாளி சுவரில் ஒட்டியிருந்த ஜெராக்ஸ் விலைப் பட்டியலை மிகவும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். "ஆர்டர் கேன்சலான அன்னிக்கெல்லாம் இதைத்தான் போட்டுப் பாப்பேன்" என்றார், என்னைப் பார்க்காமலே.

லெட்டர்பேடில் கடிதமும் கொண்டு வந்திருந்தார். 'எங்கள் ஊழியர் திரு. மணி அவர்கள் மேற்படி பாடலைத் தாமே இயற்றி, எங்கள் பட்டறை வளாகத்தில், வேலை நேரத்தில் பாடினார் என்று சான்றளிக்கிறேன்.' 'வேலை நேரத்தில்' என்பதன் கீழ் பேனாவால் கோடு. பையிலிருந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, ஊதி, அழுத்தி வைத்தார். 'திரு.' போட்ட தன் பெயரை மணி தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "மொதலாளி..." என்று ஆரம்பித்தவரைப் பேச விடவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டே பாண்டியன் சொன்னார்: "பாட்டு உன்னுதுன்னு நான் எழுதிக் குடுத்துட்டேன். அன்னிக்கு மெஷினை நிறுத்தினதும் நீதான்னு இப்ப நீ எழுதிக் குடு."

ரெண்டாவது சரணம்

கிறிஸ்டி தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருடைய அப்பா அருள்ராஜ் டாங்கி தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்துகொண்டே சர்ச்சுக்குப் பாட்டு எழுதியவர். காலமாகி இரண்டு வருஷம். ஒரு நாள் டூட்டிக்குக் கிளம்பும்போது ரேடியோவில் பாட்டு முடிந்து, அப்பாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன் என்றார் கிறிஸ்டி. எழுதியவர் இல்லாவிட்டாலும் வாரிசு உறுப்பினராகலாம். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் எல்லாம் சரியாக வைத்திருந்தார். பாட்டுகளின் பட்டியல்தான் இல்லை. ஒரு மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்து, அப்பாவின் நோட்டுகள் ஊறிப்போய்விட்டன. "எனக்கு எழுத வராதுக்கா. பாடினா ஞாபகம் வரும்" என்றார். "அப்ப பாடுங்க" என்றேன், வேறு என்ன சொல்வது?

முதல் பாட்டை வாய்க்குள்ளேதான் பாடினார். இரண்டாவதில் குரல் கொஞ்சம் வெளியே வந்தது. நான் முதல் வரியை அடிப்பேன், அவர் பாட்டை முழுதும் பாடிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். பக்கத்து ராணுவக் கேம்ப்பிலிருந்து லீவு லெட்டர் பிரிண்ட் எடுக்க வந்த வட இந்திய ஜவான் ஒருவர், தன் முறை வந்தும் நகராமல், மேஜையில் ஒரு விரலால் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டு நின்றார். வரிசையில் யாரும் அவசரப்படுத்தவில்லை. கிறிஸ்டி அழுதுகொண்டே பாடினாரா, சிரித்துக்கொண்டே பாடினாரா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆறாவது பாட்டை ஆரம்பித்தபோது, ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்காக நின்றிருந்த ஒரு அம்மா கையை நீட்டி நிறுத்தினார். நெற்றி நிறைய குங்குமம். அவருடைய வீடு சர்ச்சுக்குப் பின்பக்கச் சுவரை ஒட்டி இருக்கிறதாம். அவர் கண்டிப்பாகச் சொன்னார்: "அஞ்சாவது பாட்டுல ரெண்டாவது சரணத்தை வுட்டுட்டியேம்மா. ஞாயித்துக்கெழம நான் துணி தொவைக்கறதே அந்தச் சரணத்தைக் கேட்டுகினுதான்."

பாட்டு போன ஊர்கள்

மணியின் பாட்டு கடைசியில் மணி பெயருக்கே வந்தது. வீடியோவைப் பார்த்ததும் பட்டாபிராம் ஆர்கெஸ்ட்ராவின் தலைவரே மணிக்குப் போன் செய்து, தாத்தா காலத்துப் பாட்டு என்று நினைத்துவிட்டோம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி, மறுப்பு இல்லை என்று கையெழுத்தும் போட்டு அனுப்பினார். அடுத்த கச்சேரியில் மேடைக்குக் கூப்பிட்டு மணிக்குச் சால்வையும் போட்டார்கள். அதற்கப்புறம் பல மாதம் கழித்து, அவருடைய முதல் அறிக்கை ஈமெயிலில் வந்தது. பாட்டு எங்கெங்கே ஒலித்தது, அதற்கு எவ்வளவு என்கிற பட்டியல். போன் செய்து சொன்னேன். பட்டறைச் சட்டையோடு, மனைவி செல்வியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

நான்கு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். தொகை கடைசிப் பக்கத்தில் இருக்கிறது என்றேன். மணி அந்தப் பக்கத்தை அப்படியே செல்வியிடம் கொடுத்துவிட்டு, மற்ற மூன்று பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். செல்வி பார்த்துவிட்டு, "பரவால்லக்கா, பாப்பாவுக்கு சைக்கிள் வாங்கிடலாம்" என்று சந்தோஷமாக மடித்துக் கைப்பையில் வைத்தார். மணியோ விரலை வைத்து ஒவ்வொரு வரியாக ஊர்களைப் படித்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரில் ஒரு ஓட்டல். மதுரையில் ஒரு மண்டபம். மலேசியாவில் ஒரு டிவி. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டார். "அக்கா, இது இன்னாது?" என்று காட்டினார். ஒரு விமானக் கம்பெனியின் பெயர். பறக்கும்போது பயணிகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பதற்காகப் பாட்டு வைத்திருப்பார்கள், அதில் உங்களுடையதும் இருந்திருக்கிறது என்றேன். மகளைத் தூக்கி என் மேஜை மேல் உட்கார வைத்து, அந்த வரியை அவளுக்கும் ஒருமுறை படித்துக் காட்டினார். அப்புறம் பழக்கடைக்காரர், செல்போன் கடைக்காரர் இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அறிவித்தார்: "நான் திருவள்ளூருக்கு அந்தாண்ட ட்ரெயின்கூட ஏறினதில்ல. என் டிபன் பாக்ஸ் இன்னாடான்னா பிளேன்ல போய்கினு கீது!"

இத்தனை பேருக்குச் செய்து கொடுத்தும் எனக்கு இன்னும் ஒரு வரி ராகமாகப் பாட வராது என்றாலும், இந்த வட்டாரத்தில் எந்தப் பாட்டு யாருடையது, அவருடைய ஆதாரில் எந்த எழுத்து தப்பு என்று கேட்டால் மட்டும் உடனே சொல்லிவிடுவேன்.